கருப்பு அட்டை போகாது, சார்

என் சிறுவர் நாவலுக்கு முதலில் வந்த அட்டைப்படத்தில் ஒரு படகு வீடு மிதந்தது. பின்னால் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்த தென்னைகள், மூலையில் ஒரு சீன வலை. கரையில் பட்டுப்பாவாடை கட்டிய, நல்ல சிவப்பான சிறுமி ஒருத்தி கையில் தாமரையோடு நின்றாள். நாவலில் படகு கிடையாது. தாமரையும் கிடையாது. ஓர் எருமைக்கன்று உண்டு. அது அட்டையில் இல்லை.

கதை நடக்கிற இடம் கொழிஞ்சாம்பாறை. ஓவியருக்கு, "கேரளாக் கதை, பதினோரு வயசுப் பொண்ணு, ஜாலியா இருக்கணும்" என்று தகவல் போயிருக்கிறது. கேரளா என்றால் படகு வீடு என்று சுற்றுலா விளம்பரங்கள் எல்லோருக்கும் பாடம் நடத்தி முடித்துவிட்டன. அப்படித்தான் கோவைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கும் ஆலப்புழைத் தண்ணீர் ஏறியது.

ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாலக்காட்டுக் கணவாயில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று சில பஞ்சாயத்துகள். கேரளத்தில் மழை கொட்டுகிறது என்று டிவியில் செய்தி ஓடுகிற நாளிலும் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். மழை மறைவுப் பகுதி. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தத் தாலுகாவில்தான். ஏப்ரலில் விரல் நுழைகிற அளவுக்கு நிலம் வெடித்துவிடும். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வந்து சேரவேண்டும். வந்ததா, எவ்வளவு வந்தது, எப்போது நிறுத்தினார்கள் என்பதுதான் டீக்கடையில் வருஷம் முழுக்கப் பேச்சு. தண்ணீரை டிஎம்சி கணக்கில் எண்ணுகிற ஊரின் கதைக்கு அட்டை முழுக்கத் தண்ணீர்!

வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே காம்பவுண்டுக்குள். பிள்ளைகள் கையில் இருப்பது கேரள அரசு அச்சடித்த தமிழ்ப் பாடப்புத்தகம். நான் முதலில் மாணவனாக, பிறகு வாத்தியாராக அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே காலம் தள்ளியவன்.

நாவலின் கதை சின்னது. தென்னையில் கள் இறக்குகிற ஒருவரின் மகள். அவள் வளர்க்கிற எருமைக்கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விடுகிறது. அவளும் பக்கத்து வீட்டு மலையாளப் பையனும் தேடிப் போகிறார்கள். ஒரே எருமைக்கு இரண்டு பேரும் இரண்டு பாஷையில் அடையாளம் சொல்வதும், கேட்கிறவர்கள் இரண்டு எருமை என்று நினைத்துக்கொள்வதும் கதையில் பாதி. கதை முழுக்கக் கருப்பு: கரிசல் மண், எருமை, கள்ளுக் கலயம், வெயிலில் கருத்த அந்தப் பெண். எழுதும்போது இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஊர் அப்படி, கதையும் அப்படி.

அட்டைப்படத்துக்குப் போய் இவ்வளவு வீம்பு பிடிக்கவேண்டுமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். பிடித்தேன். அதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை.

சின்ன வயதில் எனக்குப் புத்தகம் என்றால் அட்டைதான். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. குறுக்கே கட்டிய சணல் கயிற்றில், துணிக்கு மாட்டுகிற கிளிப்பில், பத்திரிகைகள் தொங்கும். வாங்கக் காசு கிடையாது. கையில் எடுத்துப் புரட்டினால் கடைக்காரர், "வாங்கறதுன்னா எடு, இல்லீன்னா வெய்யிடா" என்பார். அட்டையைப் பார்ப்பதற்கு மட்டும் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே ஒரே கயிற்றில் இரண்டு மாயாவிகள் தொங்கினார்கள். ஒருவர், முத்து காமிக்ஸ் 1972இல் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். இன்னொருவர், 1984லிருந்து மலையாளத்துப் பாலரமாவில் வந்த குட்டிச்சாத்தான் மாயாவி. சின்னக் கொம்பு, வால், மந்திரக்கோல். எந்த மாயாவி பெரியவர் என்று தமிழ் மீடியத்துக்கும் மலையாள மீடியத்துக்கும் இடைவேளையில் அடிதடி நடக்கும். இரண்டு பேரையும் முழுசாகப் படித்தவர்கள் அந்தச் சண்டையில் ஒருவர்கூட இல்லை. அட்டையை வைத்தே சட்டை கிழிந்தது.

அம்புலிமாமாவில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. தமிழில் அம்புலிமாமா, மலையாளத்தில் அம்பிளி அம்மாவன். படம் ஒன்று, எழுத்து வேறு. பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது இரண்டையும் மாறி மாறிப் பார்த்து மலையாள எழுத்து கூட்டிப் படிக்கப் பழகியவர்கள் எங்களில் உண்டு. அந்த அட்டைகளின் ஓரத்தில் சுழித்துச் சுழித்து ஏதோ எழுதியிருக்கும். தமிழுமில்லை, மலையாளமுமில்லை. ராஜா ராணிக் கதைக்கு வந்த மந்திரம் என்றுதான் நினைத்துக்கொண்டோம். அது வட்டாதி பாப்பையா என்ற பெரிய ஓவியர் தெலுங்கில் போட்ட 'வ.பா.' என்கிற கையெழுத்து என்று தெரிந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. உள்ளே வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரோ, தாராபுரம் பக்கம் காரத்தொழுவில் 1924இல் பிறந்தவர். எங்களுக்கு எட்டுகிற தூரத்துக்காரர். அது தெரியாமலே அவர் வரைந்த சுடுகாட்டைப் பார்த்து இரவில் வெளியே போகப் பயந்திருக்கிறோம்.

அங்கேதான் எனக்கு ஓர் எண்ணம் விழுந்தது, இன்றுவரை மாறவில்லை. புத்தகம் வாங்க முடியாத பிள்ளைக்கு அட்டைதான் முழுப் புத்தகம். அந்தப் பிள்ளைக்குக் காசில்லாமல் கிடைக்கிற ஒரே பக்கத்தில் பொய் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

படகு வீட்டு அட்டையை பிரிண்ட் எடுத்து ஆறாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். என்னுடையது என்று சொல்லவில்லை. "இது எந்த ஊருக் கதையா இருக்கும்?" என்றேன்.

"ஆலப்புழைங்க சார்."

"எங்க மாமா அங்க போயி இந்தப் போட்டுல ஏறியிருக்காருங்க."

"இந்தப் புள்ள?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "நம்ம ஸ்கூல் புள்ள இல்லீங்க. இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்க."

நான் நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் நிறம் என்று சொல்லவில்லை. அட்டையில் இருக்கிற பெண் தங்கள் கூட்டத்தில் சேர்ந்தவள் இல்லை என்று அந்த வகுப்பு பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டது. அதே பிள்ளைகளுக்காகத்தான் நான் நாவல் எழுதியிருந்தேன்.

பதிப்பாளரிடம் பேசினேன். நல்ல மனிதர். சிறுவர் புத்தகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டும் திரும்பத் திரும்பப் போடுகிறவர். என் புகாரைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், அட்டையப் பாத்து வாங்கறது புள்ளைங்க இல்ல. அப்பா அம்மா. ஜனவரி ஃபேர்ல ஒரு டேபிள்ல இருநூறு புக் கெடக்கும். மஞ்சளும் செவப்பும் இருந்தாத்தான் கை நீளும். கருப்பு அட்டை போகாது, சார்."

கலயத்தைப் பற்றி அவருக்கு இன்னும் பெரிய கவலை. சிறுவர் நாவல் அட்டையில் கள்ளுக் கலயம் தொங்கினால் எந்த ஹெச்.எம். லைப்ரரிக்கு வாங்குவார்? தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. எங்கள் பக்கம் அது லைசென்ஸ் எடுத்துச் செய்கிற தொழில். கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர்களுக்கு நல நிதிச் சட்டமே 1969லிருந்து இருக்கிறது. சித்தூரில் இறக்குகிற கள்தான் விடிவதற்குள் வண்டி ஏறி மாநிலத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. என் வகுப்பில் அப்பா வேலை என்கிற கட்டத்தில் அதை எழுதுகிற பிள்ளைகள் உண்டு. தச்சர் மகளின் கதைக்கு உளி வரையலாம், மீனவர் மகளின் கதைக்கு வலை வரையலாம், இவள் அப்பாவின் கலயத்தை மட்டும் மறைக்கவேண்டும் என்றால், அந்தப் பிள்ளை தன் அப்பாவின் வேலையைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? இதைப் போனில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "பாப்போம் சார்" என்றார். நம் பதிப்புலகத்தில் அந்தச் சொல்லுக்குப் பல அர்த்தம்.

கருப்பு போகாது என்பது சென்னை வியாபாரிகள் மட்டும் நம்புகிற விஷயம் இல்லை. 2009இல் அமெரிக்காவில் ஜஸ்டின் லார்பலெஸ்டியர் எழுதிய 'லயர்' என்ற பதின்பருவத்தினர் நாவல் வெளிவர இருந்தது. கதை சொல்கிற பெண் கருப்பினத்தவள், குட்டை முடி. பதிப்பகம் தயாரித்த அட்டையில் நீண்ட நேர் முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். ஆசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு வெளிப்படையாக எழுதிவிட்டார். கருப்பு முகம் போட்டால் கடைகள் எடுக்காது என்ற பேச்சு தொழிலில் எப்படி ஊறிக் கிடக்கிறது என்றும், அப்படிப்பட்ட புத்தகங்களுக்கு விளம்பரமும் குறைவாகவே செய்துவிட்டு அப்புறம் விற்கவில்லை என்றால் யார் குற்றம் என்றும் கேட்டார். வாசகர்கள் கொதித்தார்கள். புத்தகம் கடைக்கு வருவதற்குள் பதிப்பகம் அட்டையை மாற்றியது. அவருக்காவது கொதிக்க வாசகர்கள் இருந்தார்கள்; எனக்கு ஆறாம் வகுப்பு.

தானே வரையத் தெரிந்த ஆசிரியனுக்கும் நினைத்தது கிடைப்பதில்லை. டோல்கியன் 1937இல் வந்த 'தி ஹாபிட்' நாவலுக்குத் தானே மேலுறை வரைந்தார். மலைகள், காடு, சூரியன், பறக்கிற டிராகன். சூரியனும் டிராகனும் சிவப்பாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு நிறம் கூடினால் ஒரு செலவு கூடும். சிவப்பு இல்லாமலே அச்சானது. பதிப்பாளர் கணக்குப் போடுவதை நான் குறை சொல்லவில்லை; பணம் போடுகிறவர் அவர். ஆனால் சிவப்பு இல்லாத சூரியனைப் பார்த்து ஏமாறுகிற பிள்ளை யாருமில்லை. சிவந்த முகத்தை நம் ஊர்க் கதைக்கு ஒட்டினால் ஏமாறுகிற பிள்ளை உண்டு. செலவுக்காக ஒன்றை விடுவதும் விற்பனைக்காக ஒன்றை மாற்றுவதும் ஒன்றல்ல.

ஓவியரின் நம்பரைக் கேட்டு வாங்கினேன். கோவைப் பெண், நுண்கலை படித்தவர், சின்ன வயது. எடுத்த எடுப்பில், "சாரிங்க சார், நான் உங்க நாவலப் படிக்கலைங்க. எனக்கு வந்தது நாலு வரி மெசேஜ்தான்" என்றார். ஒரு அட்டைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னார். அந்தத் தொகைக்கு நாவலைப் படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடிஎப் அனுப்பிவைத்தேன். மறுநாள் இரவு மெசேஜ் வந்தது: "எருமைக்கு ஏங்க சார் பேரே வெக்கல?" படித்துவிட்டார் என்று தெரிந்தது.

அடுத்து அனுப்பிய படத்தில் படகு போய்த் தோப்பு வந்திருந்தது. எருமையும் வந்திருந்தது. மறுபடியும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். தங்கள் ஊர் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் குற்றம் கண்டுபிடிக்கவே உரிமை வருகிறது.

"சார், இது மாட்டுக் கொம்புங்க. எருமைக் கொம்பு பின்னால சாயுமுங்க."

"கன்னுக்குட்டிக்கு இத்தாச்சோட்டுக் கொம்பு இருக்காதுங்க."

"மரத்துல மட்டை கட்டவே இல்லீங்க. அவங்கப்பா எப்பிடிங்க ஏறுவாரு?"

கடைசியாகச் சொன்னவன் ஒரு கள்ளிறக்குகிறவரின் மகன். எங்கள் பக்கம் கள்ளுக்கு விட்ட தென்னையில் அடியிலிருந்து தலைவரை தேங்காய் மட்டைத் துண்டுகளைப் படி மாதிரி கயிற்றால் கட்டியிருப்பார்கள். காலை, மதியம், சாயங்காலம் என்று ஒருநாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்குகிற மரம் அது. படத்திலோ மரம் வழவழவென்று சுவரொட்டி மரமாக நின்றது.

போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்றேன். "நானே வர்றேங்க" என்றார். உக்கடத்தில் பஸ் ஏறி வேலந்தாவளம் வழியாக வந்து இறங்கினார். கையில் ஒரு ஸ்கெட்ச் நோட்டு, பையில் யூமா வாசுகி தமிழில் கொண்டுவந்த 'கசாக்கின் இதிகாசம்'. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "பனைமரம் எங்கிங்க சார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓ.வி. விஜயன் 1969இல் புத்தகமாகக் கொண்டுவந்த நாவல் அது. களம் பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தஸ்ராக். படகு வீடு போய் இப்போது கரும்பனை வந்துவிட்டது! ஆனால் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் மாவட்டத்துப் பனையையும் அதில் அடிக்கிற காற்றையும் ஒரு நாவல் அப்படி ஊன்றிவிட்டது. விஜயன் கார்ட்டூன் வரைந்தவர். அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்து 2017இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கிய யூமா வாசுகியும் ஓவியர். அவரே பிறகு 'தன்வியின் பிறந்தநாள்' எழுதி 2024இல் பால சாகித்திய புரஸ்காரமும் வாங்கினார். எழுதுகிற கையும் வரைகிற கையும் ஒன்றாக இருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

பனை வரப்பில் நிற்கும், நம்முடைய கதை தோப்புக்குள் என்று சொல்லித் தெரிந்தவர் ஒருவரின் தோப்புக்குக் கூட்டிப்போனேன். மதியக் கள் இறக்குகிற நேரம். மேலே பாளையை எலும்பால் தட்டுகிற சத்தம் டொக் டொக்கென்று சீராக விழுந்துகொண்டிருந்தது. ஓவியர் முதலில் மரத்தைப் பார்க்கவில்லை. மட்டைப் படிகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். வெயிலிலும் மழையிலும் கருத்து, நடுவில் மட்டும் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதை நோட்டில் வரைய ஆரம்பித்தவர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்தவர் இடுப்புக் குடுக்கையைச் சரித்துக் கேனில் ஊற்றியபடி கேட்டார்: "பாப்பா, என்னையவா எழுதற?"

"உங்க காலைங்கண்ணா."

"காலா! மூஞ்சி நல்லா இல்லீன்னு நெனச்சுட்டியா?"

பிறகு அவரே நின்று கொடுத்தார். கத்தியை எந்தப் பக்கம் செருகுவது, கலயத்தைப் பாளையில் எப்படிக் கட்டுவது என்று எல்லாம் பாடம். தோப்பு ஓரத்தில் கட்டியிருந்த ஓர் எருமைக்கன்றும் அன்றைக்கு மாடலாக நின்றது. அதற்குக் கூலி இரண்டு வாழைப்பழம்.

அப்புறம் வந்த படத்தை என்னால் மறக்க முடியாது. மர உச்சியிலிருந்து கீழே பார்க்கிற கோணம். மட்டைப் படிகள் அட்டையின் மேலிருந்து கீழே சின்னதாகிச் சின்னதாகி இறங்குகின்றன. அடியில் கரிசல் மண்ணில் ஒரு பெண்ணும் ஒரு கன்றும். மேல் மூலையில் கலயத்தின் விளிம்பு பாதி. தூரத்தில் வரப்போரம் ஒரு வரிசைப் பனை. அதை அவர் விடவில்லை. என் நாவலில் அப்பா கண்ணால் பார்க்கிற இடம் ஒன்றுகூடக் கிடையாது. நான் மறந்துபோன ஆள் அட்டையில் இருந்தார்.

ஆனால் பெண்ணின் முகம் தெரியவில்லை. உச்சந்தலையும் இரட்டைச் சடையும்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"முகம் தெரியலீன்னா எந்தப் புள்ள வேணும்னாலும் தன்னைய நெனச்சுக்கலாங்க சார்" என்றார் ஓவியர்.

"வெளுத்த புள்ளைகளுக்கு அட்டையில எப்பவும் முகம் இருக்குதும்மா. நம்ம புள்ளைக்கு வர்றப்ப மட்டும் உச்சந்தலையா?"

இரண்டு நாள் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்புறம் படம் வந்தது. அதே கோணம், பெண் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்க்கிறாள். கண்ணில் வெயில் அடிப்பதால் ஒரு கண்ணைச் சுருக்கியிருக்கிறாள். மாநிறம் இல்லை, நல்ல கருப்பு. கன்னத்தில் வெயில் விழுந்த இடம் மட்டும் மின்னுகிறது. முகம் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். அதைச் சொல்லவில்லை. ஊரும் ஆளும் சரியாக வந்துவிட்டால் மேற்கொண்டு தலையிட ஆசிரியனுக்கு அதிகாரமில்லை. கோணமும் நிறமும் வரைகிறவர் இஷ்டம். தான் எழுதின மாதிரியே வரையவேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிக்கிற ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் கேட்பது ஓவியம் இல்லை, இன்னொரு பிரதி.

ஜப்பானில் இன்னும் விசித்திரமாக நடந்திருக்கிறது. தெத்சுகோ குரோயாநாகி எழுதி 1981இல் வந்த 'டோட்டோ-சான்' நூலுக்கு அட்டையிலும் உள்ளேயும் இருக்கிற நீர்வண்ணப் படங்கள் சிஹிரோ இவாசாகி வரைந்தவை. இவாசாகி 1974இலேயே இறந்துபோனார். அந்தப் புத்தகத்துக்கு என்று அவர் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. அவர் விட்டுச்சென்ற ஓவியங்களிலிருந்து ஆசிரியர் தேடித் தேடி எடுத்துச் சேர்த்துக்கொண்டார். டோட்டோ-சான் என்றாலே இன்று அந்தப் படங்கள்தான் கண்ணுக்கு வருகின்றன. சொல்லி வரையவைப்பது மட்டும்தான் வழி என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பதிப்பாளர் படத்தைப் பார்த்துவிட்டு வெகு நேரம் கழித்துப் பேசினார். "படம் ஏ ஒன் சார். கலயம் பாதிதான தெரியுது, விட்டுடுவோம்." கருப்பைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. தலைப்பு எழுத்தை மட்டும் மஞ்சளில் போட்டார். வியாபாரத்துக்கு ஒரு மஞ்சள்; அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் பிரஸ்ஸில் ஒரு கண்டம் காத்திருந்தது. போன் திரையில் ஒளியோடு பார்க்கிற கருப்பு வேறு, நாலு மையில் தாளில் ஏறுகிற கருப்பு வேறு. முதல் புரூப்பில் மண்ணும் எருமையும் பெண்ணின் முகமும் ஒரே சேறாக அப்பிக்கிடந்தன. கன்னத்து வெயில் காணோம். மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் ஒரு படி மங்கும். கருப்புப் பரப்பில் நகம் பட்டாலும் கீறல் தெரியும். சிவந்த தோலுக்கு என்று பழகிப்போன கணக்கில் கருத்த தோல் அச்சில் கலங்கிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "வெளுப்பா அடிச்சா ஈஸி சார்" என்றார் அங்கே இருந்தவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். ஓவியர் விடவில்லை. முகத்துக்கு மட்டும் கருப்பு மையைக் குறைத்துச் சிவப்பும் மஞ்சளும் கூட்டித் திரும்ப ஃபைல் கொடுத்தார். மண்ணைக் கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளினார். முகம் தனியாக எழுந்து வந்தது. லேமினேஷன் கிளாஸ் போட்டார்கள்.

புத்தகம் வந்ததும் வகுப்பில் ஆளாளுக்குப் பிடுங்கிப் பார்த்தார்கள். கொம்பு பாஸ். மட்டை பாஸ். "இது எங்க தோப்புங்க" என்று ஒருவன் சொல்ல, இல்லை எங்களுடையது என்று இன்னொருவன் சொல்ல, சண்டை வந்தது. மலையாள மீடியத்துப் பிள்ளைகள் படிக்கத் தெரியாமலே வாங்கிப் பார்த்துவிட்டு, எருமை கிடைத்ததா இல்லையா என்று கேட்டார்கள்.

கருப்பு அட்டையால் புத்தகம் ஓடு ஓடென்று ஓடியது என்று கதை விட மாட்டேன். சுமாராகத்தான் போனது. முழு மஞ்சளில் போட்டிருந்தாலும் சுமாராகத்தான் போயிருக்கும். சிறுவர் நாவலுக்குத் தமிழில் இன்றைக்கு இருக்கிற விற்பனை அவ்வளவுதான். அட்டையின் நிறத்தில் அந்தக் கணக்கு மாறாது. பிறகு எதற்குப் பொய்யான நிறம் போடுவது?

எனக்கு உறுத்தலாக மிச்சமிருப்பது வேறு. புத்தகத்தின் முதுகில் என் பெயர், முகப்பில் என் பெயர், பின்னட்டையில் என் போட்டோ. படம் வரைந்த அந்தப் பெண்ணின் பெயர் உரிமைப் பக்கத்தில், ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கீழே, எறும்பு எழுத்தில். அதுவும் நான் கேட்ட பிறகு. 'பொன்னியின் செல்வன்' 1950இல் கல்கியில் தொடங்கியபோது வரைந்த மணியத்தின் பெயரை இன்றும் வாசகர்கள் சொல்கிறார்கள், ஏனென்றால் அது படத்திலேயே இருந்தது. வ.பா.வும் சங்கரும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கு அட்டை கம்ப்யூட்டரில் பிறக்கிறது, கையெழுத்துக்கு இடமே விடுவதில்லை. சர்வதேச அளவில் சிறுவர் இலக்கியத்துக்குப் பெரிய பரிசான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956இல் எழுத்தாளருக்கு என்று தொடங்கியது. 1966லிருந்து ஓவியருக்கும் தனியாகக் கொடுக்கிறார்கள். நம்மிடம் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 'ஆதனின் பொம்மை', 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்று பால சாகித்திய புரஸ்காரம் வாங்கிய சிறுவர் நாவல்கள் இருக்கின்றன. எழுதியவர்கள் யார் என்று வாசகருக்குத் தெரியும். அட்டை வரைந்தவர் யார் என்று கேட்டால் புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டவேண்டும்.

பதிப்பாளர்களிடம் கேட்டுக்கொள்வது மூன்றுதான். ஓவியருக்கு நாலு வரி மெசேஜ் அனுப்பாதீர்கள், முழு நாவலையும் அனுப்புங்கள். படிக்கிற நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். சிறுவர் நூலாக இருந்தால் ஓவியரின் பெயரை முன் அட்டையிலேயே, ஆசிரியர் பெயருக்குக் கீழே போடுங்கள். என் நாவல் மறுபதிப்பு வந்தால் அப்படிப் போடவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.